லூவாவுக்கு எடிட்டரைப் பழக்குதல்

விக்கிப்பீடியாவில் நாம் பார்க்கும் தகவற்சட்டம், மேற்கோள், தேதிக் கணக்கு ஆகியவற்றில் பெரும்பகுதி லூவா மொழியில் எழுதப்பட்ட மாட்யூல்களால் நடக்கிறது. வார்ப்புருவுக்குள்ளேயே நிபந்தனைகளை அடுக்கி எழுதிய காலத்தில் பெரிய பக்கங்கள் திறக்க நேரம் பிடித்தது. அதைச் சரிசெய்யவே ஸ்க்ரிபுன்டோ என்ற நீட்சி வழியாக 2013-இல் விக்கிமீடியா தளங்களுக்கு லூவா வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதே ஏற்பாடுதான்.

லூவா 1993-இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்னொரு மென்பொருளுக்குள் இருந்துகொண்டு வேலை செய்வதற்காகவே அதை வடிவமைத்தார்கள். அதனால் போகும் இடந்தோறும் அந்த இடத்துக்கே உரிய ஃபங்ஷன்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். ரெடிஸில் எழுதும் லூவாவும் நியோவிம்மில் எழுதும் லூவாவும் மொழியால் ஒன்று, கைக்குக் கிடைக்கும் கருவிகளால் வேறு. விக்கியில் அந்தக் கருவிகள் எல்லாம் 'எம்டபிள்யூ' என்ற ஒரே டேபிளுக்குள் இருக்கின்றன. உங்கள் எடிட்டருக்கு லூவா தெரியும், எம்டபிள்யூ தெரியாது. மாட்யூலைத் திறந்ததும் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் அறியாத குளோபல் என்று அடிக்கோடு விழுவது அதனால்தான்.

இந்த அத்தியாயத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்கெனவே இருக்கும் லூவா ஆதரவின்மேல் விக்கி மாட்யூலுக்குத் தேவையானதைச் சேர்க்கப் போகிறோம். புதிதாக ஒரு மொழி நீட்சியை அடியிலிருந்து எழுதப் போவதில்லை. கோப்புகளின் பெயரையும் கட்டளைகளையும் ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எந்த வேலையை யாரிடம் கொடுப்பது

எடிட்டர் ஒரு மொழியைப் புரிந்துகொள்வது மூன்று தனித்தனி இடங்களில் நடக்கிறது. இலக்கணக் கோப்பு ரெஜெக்ஸ் விதிகளால் வண்ணம் பூசுகிறது. மொழி அமைப்புக் கோப்பு அடைப்புக்குறி, கமென்ட் குறி, உள்தள்ளல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. லாங்குவேஜ் சர்வர் நிரலை உண்மையிலேயே படித்து, எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று அறிந்து வைத்திருக்கிறது. இந்த மூன்றாவது, எடிட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓடுகிறது. இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016-இல் ரெட் ஹாட், கோடென்வி நிறுவனங்களோடு சேர்ந்து அறிவித்தது. ஒரே சர்வரை விம், ஈமாக்ஸ் பயனர்களும் வைத்துக்கொள்ள முடிவது அந்த நெறிமுறையால்தான்.

பலரும் வண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அந்த ஆசை எழுகிறது. நான் அதைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வேன். எழுதுபவருக்கு உண்மையில் உதவுவது, ஃபங்ஷன் பெயரைத் தட்டும்போதே அது என்ன கேட்கும், என்ன தரும் என்று தெரிவதுதான். அது சர்வரின் வேலை. எனவே அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் பதிப்பு எண்

லூவா லாங்குவேஜ் சர்வர் என்ற பெயரிலேயே ஒரு நல்ல சர்வர் இருக்கிறது. அதுவும் லூவாவிலேயே எழுதப்பட்டது. எடிட்டரின் நீட்சிக் கடையில் லூவா என்று தேடி அதை நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் மாட்யூல்கள் இருக்கும் கோப்புறையின் மேல்மட்டத்தில் '.லூவாஆர்சி.ஜேசான்' என்று ஒரு கோப்பு வையுங்கள். சர்வருக்கான அமைப்புகளெல்லாம் இதில்தான்.

அதில் எழுத வேண்டிய முதல் வரி 'ரன்டைம்.வெர்ஷன்'. மதிப்பு 'லூவா 5.1'. இதைச் சொல்லாவிட்டால் சர்வர் 5.4 என்று எடுத்துக்கொள்ளும். விக்கியில் ஓடுவது 5.1. இடையில் மொழி நிறைய மாறியிருக்கிறது. 5.2-இல் கோடூ வந்தது, 5.3-இல் முழுஎண் வகுத்தலுக்கு // குறியும் யூடிஎஃப்8 நூலகமும் வந்தன. பதிப்பைச் சொல்லாமல் விட்டால் எடிட்டர் இவற்றையெல்லாம் தாராளமாகப் பரிந்துரைக்கும். நீங்களும் நம்பி எழுதுவீர்கள், பக்கத்தைச் சேமித்த பிறகுதான் பிழை வரும். எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. டேபிளைப் பிரித்துத் தரும் 'அன்பேக்' 5.1-இல் குளோபல் ஃபங்ஷன். 5.4-இல் அது டேபிள் நூலகத்துக்குள் போய்விட்டது. விக்கியில் சரியாக ஓடும் 'அன்பேக்' மேல் எடிட்டர் எச்சரிக்கை காட்டும். அதன் பேச்சைக் கேட்டு 'டேபிள்.அன்பேக்' என்று திருத்தினால் ஓடிக்கொண்டிருந்த மாட்யூல் உடையும்.

அடுத்தது 'ரன்டைம்.பில்ட்இன்'. விக்கியில் பாதுகாப்புக்காகக் கோப்பைத் திறக்கும் 'ஐஓ' நூலகத்தை எடுத்துவிட்டார்கள். இங்கே 'ஐஓ' என்பதற்கு நேராக 'டிஸேபிள்' என்று கொடுத்தால் எடிட்டரின் பரிந்துரையிலிருந்தும் அது மறையும். இல்லாததைக் காட்டாமல் இருப்பதும் உதவிதான்.

எம்டபிள்யூவின் அடிக்கோட்டைப் போக்க ஒரு குறுக்குவழி உண்டு. 'டயக்னாஸ்டிக்ஸ்.குளோபல்ஸ்' பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும், எச்சரிக்கை நின்றுவிடும். பலர் இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். இப்படிச் செய்தால் சர்வர் அந்தப் பெயரைப் பற்றி வாய்மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு இன்னும் தெரியாது. உள்ளே வரும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தாலும் காட்டிக்கொடுக்காது. அடுத்து வரும் வேலையைச் செய்பவர்களுக்கு இந்த வரி தேவையே இல்லை.

வரையறைக் கோப்பு

அத்தியாயத்தின் உயிர்ப்பகுதி இது. சர்வருக்காக மட்டும் ஒரு லூவா கோப்பு எழுதுகிறோம். அது எங்கும் ஓடாது. அதில் ஃபங்ஷன்களின் பெயரும் அவை எடுக்கும், தரும் மதிப்புகளின் வகையும் மட்டும் இருக்கும். உடல் வெறுமையாக இருக்கும். கோப்பின் முதல் வரி மூன்று கோடுகளும் அட் குறியும் சேர்ந்து '---@மெட்டா'. இந்த வரியைக் கண்டதும், இது இயங்கும் நிரல் இல்லை, விவரக் கோப்பு என்று சர்வர் புரிந்துகொள்ளும். பிறகு எம்டபிள்யூ என்ற டேபிளையும், அதற்குள் 'யூஸ்ட்ரிங்' போன்ற உள்டேபிள்களையும் வெறும் {} கொடுத்து அறிவியுங்கள்.

யூஸ்ட்ரிங்கை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லூவாவின் ஸ்ட்ரிங் பைட்டுகளின் வரிசை. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை # குறியால் கேட்டால் 15 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். யூஸ்ட்ரிங்கின் 'லென்' ஃபங்ஷன் 5 என்று சொல்லும். படிப்பவர் கண்ணுக்கோ மூன்று எழுத்து. முதல் இரண்டை வெட்டித் தா என்று சாதாரண ஸ்ட்ரிங் நூலகத்தின் 'சப்'பிடம் கேட்டால் த-வின் இரண்டு பைட் மட்டும் வந்து கேள்விக்குறிக் கட்டம் தெரியும். யூஸ்ட்ரிங்கின் 'சப்' பரவாயில்லை, முழுக் குறிகளாக வெட்டும். ஆனாலும் கிடைப்பது "தம". இகரக் குறி அடுத்த துண்டுக்குப் போய்விடும். தமிழில் மாட்யூல் எழுதும் ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது இடறுவார்கள். எழுதும் அந்த நொடியிலேயே எடிட்டர் இதை நினைவூட்டினால் எவ்வளவு நல்லது.

நினைவூட்ட முடியும். ஃபங்ஷன் அறிவிப்புக்கு மேல் '---' என்று தொடங்கும் வரிகளில் எழுதுவது எதுவோ, அந்தப் பெயர்மேல் சுட்டியை வைத்தால் அது சிறு பெட்டியில் தெரியும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். யூஸ்ட்ரிங்கின் 'லென்' மேல் இப்படி இரண்டு வரி இருக்கட்டும்:

--- யூனிகோட் குறிகளை எண்ணும், எழுத்துகளை அல்ல. "மி" என்பது 2.
--- ஸ்ட்ரிங் முறையான யூடிஎஃப்-8 இல்லையென்றால் நில் வரும்.

அதன்கீழ் '---@பாரம்' என்று தொடங்கி ஒரு வரி: உள்ளே வருவது எஸ், வகை ஸ்ட்ரிங். அதற்கும் கீழே '---@ரிட்டர்ன்' என்று தொடங்கி இன்னொன்று: வெளியே போவது இன்டிஜர், அதை ஒட்டி ஒரு ? குறி. இந்தக் கேள்விக்குறியை விடாதீர்கள். நில் வரக்கூடும் என்று அது சர்வருக்குச் சொல்கிறது. சரிபார்க்காமல் அந்த விடையை எண் கேட்கும் இன்னொரு ஃபங்ஷனுக்கு நேரே கொடுத்தால் எடிட்டர் எச்சரிக்கும். ஆவணத்தில் ஒரு மூலையில் கிடக்கும் ஒரு வாக்கியம் இந்த ஒற்றைக் குறியால் எழுதுபவரின் கண்முன் வந்து நிற்கிறது.

அடுத்து ஃபிரேம். வார்ப்புருவிலிருந்து அழைக்கும்போது மாட்யூலின் ஃபங்ஷனுக்கு வந்து சேரும் பொருள் இது. '---@கிளாஸ்' என்று அதற்கொரு வகுப்பு அறிவித்து, '---@ஃபீல்ட்' வரியில் 'ஆர்க்ஸ்' என்ற உறுப்பைச் சொல்லுங்கள். விக்கிப் பக்கத்திலிருந்து 'இன்வோக்' என்ற அழைப்பு வழியாக வரும் மதிப்புகள் எல்லாம் ஸ்ட்ரிங். பக்கத்தில் 5 என்று எழுதியிருந்தாலும் வந்து சேர்வது "5"தான். வகையை ஸ்ட்ரிங் என்றே குறித்துவிட்டால், எண்ணாக மாற்றாமல் எண் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் இடங்களைப் பிடிக்க வழி கிடைக்கும். மேலே இருக்கும் வார்ப்புருவின் மதிப்புகளைப் பெறுவதற்கான 'கெட்பேரன்ட்' ஃபங்ஷன் இன்னொரு ஃபிரேமைத் தரும், அல்லது நில் தரும். அங்கேயும் அதே ? குறி.

எம்டபிள்யூ முழுவதையும் ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். நீங்கள் அன்றாடம் தொடும் யூஸ்ட்ரிங், டெக்ஸ்ட், டைட்டில், ஹெச்டிஎம்எல் ஆகியவற்றை எழுதினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. எழுதி முடித்த கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையின் பாதையை 'வொர்க்ஸ்பேஸ்.லைப்ரரி'யில் கொடுங்கள். அடிக்கோடுகள் மறைந்து, புள்ளி வைத்ததும் பட்டியல் விரியும்.

ரிக்வயரின் சிக்கல்

விக்கியில் ஒரு மாட்யூல் இன்னொன்றை 'ரிக்வயர்' ஃபங்ஷனால் கூப்பிடும்போது 'மாட்யூல்:' என்ற முன்னொட்டோடு பக்கத்தின் பெயரைத் தர வேண்டும். அப்படி ஒரு கோப்பு உங்கள் கணினியில் கிடையாது. விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியே வைக்க முடியாது. இதனால் வரையறைக்குத் தாவுவது வேலை செய்யாது.

சர்வர் இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. 'ரன்டைம்.பிளகின்' அமைப்பில் ஒரு லூவா கோப்பின் பாதையைக் கொடுத்து, அதில் 'ஆன்செட்டெக்ஸ்ட்' என்ற ஃபங்ஷனை எழுதினால், எந்தக் கோப்பையும் அலசுவதற்கு முன் அதன் உரையை சர்வர் இந்த ஃபங்ஷனிடம் கொடுக்கும். எங்கே தொடங்கி எங்கே முடியும் துண்டை எதனால் மாற்ற வேண்டும் என்ற பட்டியலை நீங்கள் திருப்பித் தருகிறீர்கள். ரிக்வயருக்குள் வரும் 'மாட்யூல்:' என்ற துண்டை வெற்று ஸ்ட்ரிங்கால் மாற்றச் சொன்னால் போதும். திரையில் உள்ள நிரல் மாறாது, சர்வர் படிக்கும் பிரதியில் மட்டும் மாறும். தேடல் வடிவத்தில் துண்டுக்கு முன்னும் பின்னும் () என்று வெற்று அடைப்பு வைத்தால் லூவா அந்த இடங்களின் எண்ணைத் தரும். பின் அடைப்பு தருவது அடுத்த குறியின் இடம், ஆகவே முடிவிடத்துக்கு அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

அங்கே கிடைப்பது பைட் எண். இந்தப் பிளகினுக்கு அதுதான் வேண்டும், சிக்கலில்லை. நீங்களே ஒரு சோதனைக் கருவி எழுதி அதன் முடிவை எடிட்டருக்கு நேரே அனுப்பும்போது கவனம் தேவை. லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை, வேறு உடன்பாடு செய்துகொள்ளாதவரை, வரிக்குள் இடத்தை யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணுகிறது. ஒரு வரியில் "தமிழ்" என்ற சொல் வந்து, அதற்குப் பின்னால் பிழை இருந்தால், பைட் கணக்கு 15-ஐயும் எடிட்டரின் கணக்கு 5-ஐயும் கூட்டியிருக்கும். சிவப்புக் கோடு பத்து இடம் தள்ளிப்போய் விழும். ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்புகளில் சோதித்தவர்கள் கண்ணில் இது படுவதேயில்லை. உங்கள் சோதனைக் கோப்பில் தமிழ் ஸ்ட்ரிங் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

இப்போது வண்ணம்

விஷுவல் ஸ்டுடியோ கோட் மேக் கணினிகளின் டெக்ஸ்ட்மேட் எடிட்டரிலிருந்து வந்த இலக்கண முறையைப் பின்பற்றுகிறது. லூவாவுக்கான இலக்கணம் அதனோடேயே வருகிறது. அதை நகலெடுத்துத் திருத்தாதீர்கள். மூலத்தில் நாளை வரும் திருத்தங்கள் உங்களுக்கு வந்து சேராது. இருக்கும் இலக்கணத்துக்குள் சில விதிகளை மட்டும் செருகும் வசதி இருக்கிறது. அதற்குப் பெயர் இன்ஜெக்‌ஷன். இதற்கென ஒரு சிறு நீட்சியைத் தொடங்கி, அதன் 'பேக்கேஜ்.ஜேசான்' கோப்பில் 'கிராமர்ஸ்' பகுதியில் உங்கள் விதிக் கோப்பின் பெயர், பாதை, செருக வேண்டிய மூல இலக்கணம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும்.

எதற்கு வண்ணம் தருவது? ஃபங்ஷன் பெயர்களுக்கு வேண்டாம். சர்வர் பொருள் அறிந்து தரும் வண்ணம் அங்கே உங்கள் வண்ணத்தின்மேல் படிந்துவிடும். சர்வர் தொடாத இடம் ஸ்ட்ரிங்கின் உட்பகுதி. மாட்யூல்களில் நீண்ட ஸ்ட்ரிங்குக்குள் விக்கி உரை எழுதுகிறோம், அது முழுவதும் ஒரே நிறத்தில் கிடக்கிறது. அங்கே இணைப்புகளைத் தனியாகக் காட்டினால் பயன் உண்டு.

இந்த இடத்தில்தான் லூவாவும் விக்கியும் ஒரே குறிக்காக மோதிக்கொள்கின்றன. லூவாவில் பல வரி ஸ்ட்ரிங் [[ என்று தொடங்கி ]] என்று முடியும். விக்கியில் இணைப்பும் [[ ]] தான். ஸ்ட்ரிங்குக்குள் ஓர் இணைப்பை வைத்தால், லூவா 5.1 உள்ளே [[ கண்டதுமே பிழை என்று நின்றுவிடும். பிந்தைய பதிப்புகள் முதல் ]] வந்த இடத்தில் ஸ்ட்ரிங் முடிந்ததாகக் கொள்ளும். இதற்கு மொழியிலேயே தீர்வு இருக்கிறது: [=[ என்று தொடங்கினால் ]=] வரும்வரை முடியாது. இரண்டு சமக்குறி போட்டால் முடிவிலும் இரண்டு. இலக்கணக் கோப்பில் இதைப் பிடிக்கும் விதி இப்படி இருக்கும்:

தொடக்கம்: \[(=*)\[
முடிவு: \]\1\]

தொடக்கத்தில் எத்தனை சமக்குறி அகப்பட்டதோ அதே எண்ணிக்கையை முடிவில் \1 கேட்கிறது. டெக்ஸ்ட்மேட் இலக்கணம் ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். ஒற்றை ரெஜெக்ஸ் ஒரு வரியைத் தாண்டிப் போகாது. பல வரி விஷயங்களைத் தொடக்கம், முடிவு என்ற இணையால்தான் பிடிக்க முடியும்.

இதற்குள் செருகும் இணைப்பு விதியை முதலில் எழுதும்போது \[\[[^\[\]]+\]\] என்று முழு இணைப்பையும் விழுங்கும்படி எழுதத்தான் தோன்றும். எழுதாதீர்கள். யாராவது சமக்குறி போடாமல் வெறும் [[ ஸ்ட்ரிங்குக்குள் இணைப்பு வைத்தால், உங்கள் விதி ]] குறியையும் சேர்த்து விழுங்கிவிடும். ஸ்ட்ரிங் தொடர்வதாகவே திரை காட்டும், பிழை மறைந்துபோகும். முடிவுக் குறியைத் தொடாமல், அது அடுத்து இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்:

\[\[[^\[\]]+(?=\]\])

இப்போது ]] மூல இலக்கணத்துக்கே மிச்சம் இருக்கும். [=[ ஸ்ட்ரிங்குக்குள் அது சாதாரண உரையாகக் கடந்துபோகும். வெறும் [[ ஸ்ட்ரிங்கில் ஸ்ட்ரிங்கை முடித்து, மிச்ச வரியின் நிறத்தை மாற்றித் தவறைக் காட்டிக்கொடுக்கும். ஜேசான் கோப்பில் ஒவ்வொரு பின்சாய்வுக் கோட்டையும் இரண்டாக எழுத வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விதி பிடிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

விதியை ஸ்ட்ரிங்குக்குள் மட்டும் ஓடவைக்க அந்தப் பகுதியின் ஸ்கோப் பெயர் தேவை. ஊகிக்காதீர்கள். கட்டளைப் பலகையைத் திறந்து 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' என்பதைத் தேர்ந்து, கர்சரை ஸ்ட்ரிங்குக்குள் வையுங்கள். பெயர் முழுவதும் தெரியும். அதை அப்படியே 'இன்ஜெக்‌ஷன்செலக்டர்' வரிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வண்ணமா சர்வரின் வண்ணமா எது வென்றது என்பதையும் இதே பெட்டி சொல்லும்.

இலக்கணக் கோப்பின் ரெஜெக்ஸும் மொழி அமைப்புக் கோப்பின் ரெஜெக்ஸும் வெவ்வேறு எஞ்சினில் ஓடுகின்றன. முன்னது ஒனிகுருமா, பின்னது ஜாவாஸ்க்ரிப்ட். சொல்லெழுத்து என்று பொருள்படும் குறியீடு ஒனிகுருமாவில் தமிழ் எழுத்தையும் பிடிக்கும், ஜாவாஸ்க்ரிப்டில் பிடிக்காது. லூவா 5.1 தமிழில் மாறிப் பெயர் வைக்க விடாது. ஆகவே பெயர்களுக்கான விதியில் அந்தக் குறியீட்டைப் போடாமல், ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

ஸ்னிப்பெட்டும் பொதியும்

ஸ்னிப்பெட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்யூலின் எலும்புக்கூட்டுக்கு ஒன்று, [=[ ]=] ஸ்ட்ரிங்குக்கு ஒன்று. இரண்டாவது சிறிதாகத் தெரிந்தாலும் மேலே சொன்ன மோதலையே வராமல் தடுப்பது அதுதான். கர்சர் நிற்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் பூச்சியமும் போடுங்கள்.

செய்ததைப் பார்க்க எஃப்5 அழுத்தினால் உங்கள் நீட்சியோடு இன்னொரு எடிட்டர் சன்னல் திறக்கும். அதில் ஒரே ஒரு கோப்பைச் சோதனைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தமிழ் ஸ்ட்ரிங், இரண்டு சமக்குறி ஸ்ட்ரிங், கமென்ட்டுக்குள் ஓர் இணைப்பு, முடிக்காமல் விட்ட ஸ்ட்ரிங் ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான குறைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறருக்குக் கொடுக்கும்போது இரண்டு பொதிகளாகக் கொடுங்கள். வண்ணமும் ஸ்னிப்பெட்டும் விஷுவல் ஸ்டுடியோ கோட் நீட்சியாக, 'விஎஸ்சிஇ' கருவியால் ஒரே கோப்பாகக் கட்டப்படட்டும். வரையறைக் கோப்பு சர்வரின் ஆட்-ஆனாக இருக்கட்டும்: 'லைப்ரரி' என்ற கோப்புறை ஒன்று, பக்கத்தில் ஒரு 'கான்ஃபிக்.ஜேசான்'. அதன் 'வேர்ட்ஸ்' பட்டியலில் எம்டபிள்யூவும் புள்ளியும் சேர்ந்த வடிவத்தைக் கொடுத்தால், அப்படி எழுதிய கோப்பைத் திறக்கும்போது இந்த வரையறைகளைச் சேர்க்கவா என்று சர்வரே கேட்கும். பதிப்பு 5.1 என்பதையும் ஐஓ இல்லை என்பதையும் அதே கோப்பின் 'செட்டிங்ஸ்' பகுதியில் வைத்துவிடலாம். விம்மில் எழுதுபவருக்கு முதல் பொதி பயன்படாது, இரண்டாவது அப்படியே பயன்படும். தமிழில் எழுதிய அந்த விளக்க வரிகள் அவர் திரையிலும் வரும்.